பச்சைப் பக்கம்

மாதத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவுகள் இணையதளத்தில் வெளியாகும். போன மாதம் அந்த நேரத்தில் தளம் படுத்துவிட்டது. மதியம் வரை எழவில்லை. இந்த மாதம் படுக்கவில்லை. தளத்தை நடத்தும் கம்பெனியின் மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து வாட்ச்மேனின் முதுகில் தட்டினார். கண் பட்டுவிடும், யாரும் வாய்விட்டுப் பாராட்ட வேண்டாம் என்று அவரே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வாட்ச்மேன் என்பது பட்டப்பெயர். அவன் பார்த்துக்கொண்டது ரிவர்ஸ் பிராக்ஸி. வெளியிலிருந்து வருகிற எவரும் நேராக மென்பொருளிடம் போக முடியாது. முதலில் பிராக்ஸியிடம் வர வேண்டும். அது கேள்வியை வாங்கி உள்ளே கொடுக்கும், பதிலை வாங்கி வெளியே கொடுக்கும். வாசலில் நிற்கிற வேலை. பெயரை வைத்தது டீச்சர். உள்ளே இருக்கும் மென்பொருளை எழுதியவள். யார் எழுதியதிலும் பிழை கண்டுபிடிப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அதை வைத்தது அவன்.

இருவர் மேசையும் முதுகோடு முதுகாக இருந்தன. சில மாதங்களுக்கு முன் தவறு யார் பக்கம் என்று ஒரு சண்டை வந்தது. மேனேஜர் கோடு போட்டார். பிராக்ஸியை அவள் தொடக் கூடாது. மென்பொருளை அவன் தொடக் கூடாது. ஒருவர் செய்வதை இன்னொருவர் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

மேனேஜர் தட்டிவிட்டுப் போன சிறிது நேரத்தில் வாட்ச்மேனின் அக்கா கூப்பிட்டாள். அவன் ஜன்னல் ஓரம் போய்ப் பேசினான்.

“பச்சைடா” என்றாள்.

மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு வாரமாகக் காத்திருந்தாள். முடிவுப் பக்கத்தில் பெயர் இருக்காது, நோயும் இருக்காது. பஸ்ஸிலும் கடையிலும் நின்று திறந்து பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்ப்பான் என்று டீச்சர்தான் அப்படி அமைத்திருந்தாள். பக்கம் முழுக்க ஒரே நிறம். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கீழே சிறிய எழுத்தில் அடுத்து எந்தப் பிரிவுக்கு எப்போது வர வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அக்காவுக்கு அன்று மதியம் இரண்டு மணிக்கு அறுவை டாக்டரிடம் இடம் போட்டிருந்தது. அவர் வெளியூர். மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். பச்சை வந்ததும் அந்த இடத்தை அக்கா அதே தளத்தில் ரத்து செய்துவிட்டாள். தேவைப்படுகிற யாருக்காவது கிடைக்கட்டும் என்றாள். மாமா அதற்குள் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் இருக்கை பிடித்துவிட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேகமாகச் செய்த முதல் காரியம் இது என்றாள். மேலே போனால் சிக்னல் இருக்காது, தேடாதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வாட்ச்மேன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண் கையை உயர்த்தினாள். ஒரு பெரியவர் லைனில் இருக்கிறார், புரியவில்லை, நீங்களே கேளுங்கள் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரெண்டு வருஷம் கழிச்சு மகளிர் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கும்மா” என்றார் பெரியவர். “வர்றேன். ஆட்சேபணை இல்ல. அதுக்குள்ள நான் என்னவா மாறணும்னு எதிர்பார்க்குறீங்க, அதை மட்டும் சொல்லிடுங்க.”

அறை சிரித்தது. மேனேஜர் அறைக்குள்ளிருந்தும் சிரிப்பு கேட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. பெரியவரின் நோயாளி எண்ணைக் கேட்டு வாங்கி, பிராக்ஸி வழியாகப் போகாமல், உள்ளிருந்தே மென்பொருளிடம் கேட்டுப் பார்த்தாள். அது பெரியவருக்கு உரியதைச் சரியாகக் காட்டியது. மகளிர் பிரிவு அதில் இல்லை. என் பக்கம் சரி என்றாள், யாரையும் பார்க்காமல்.

பெரியவரின் போன் பழைய பக்கம் எதையாவது வைத்துக்கொண்டு காட்டுகிறது என்றான் வாட்ச்மேன். வேறு போனில் பார்க்கச் சொன்னார்கள். பெரியவர் மருமகளின் போனை வாங்கிப் பார்த்தார். அதிலும் மகளிர் பிரிவு. மருமகள் பின்னால் சிரிப்பது கேட்டது.

மென்பொருள் இரண்டு கணினிகளில் ஓடியது. ஒன்றுக்கு வந்த ஆளை இன்னொன்று குழப்பிக்கொள்கிறது என்று அவன் நினைத்தான். கோடு போட்ட பிறகு அவளிடம் முதல் தடவையாக நேராகக் கேட்டான், ஒன்றை நிறுத்தலாமா என்று. அவள் நிறுத்தினாள். பெரியவர் மறுபடி பார்த்தார். அதே பக்கம். இரண்டாவது ஒரு போன் வந்தது, இன்னொரு ஆண், அதே மகளிர் பிரிவு. உதவி எண் பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சோதனைக்கென்று இரண்டு பொய்க் கணக்குகள் உண்டு. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். டீச்சர் உள்ளிருந்து இரண்டையும் திறந்தாள். பச்சை, மஞ்சள். வாட்ச்மேன் வெளியிலிருந்து, பிராக்ஸி வழியாகத் திறந்தான். பச்சை. அடுத்ததையும் திறந்தான்.

பச்சை.

பதிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வருகிற தலைப்பு வரிகளை அவன் திறந்து பார்த்தான். ஒவ்வொரு பதிலிலும், அது உள்ளிருந்து வந்ததா, வாசலில் வைத்திருந்த நகலா என்று காட்ட அவன் ஒரு வரி சேர்த்திருந்தான். எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்று மேனேஜருக்குக் காட்டுவதற்காகச் சேர்த்தது.

நகல் என்றது அந்த வரி.

அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஒரே பக்கத்தைப் பலர் கேட்டால் பிராக்ஸி முதல் ஆளுக்காக வாங்கிய பதிலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் அதையே கொடுக்கும். உள்ளே போக வேண்டியதில்லை. அதனால்தான் வேகம். ஒரு ஆளுக்கு மட்டும் உரிய பக்கம் என்றால் மென்பொருள் அதோடு குக்கீ என்கிற ஒரு சிறிய அடையாளக் குறிப்பை அனுப்பும். குக்கீ ஒட்டிய பக்கத்தைப் பிராக்ஸி நகல் எடுக்காது. டீச்சர் அதை நம்பித்தான் இருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவு, வருகிறவர்களை எண்ணுவதற்காக, தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரு குக்கீயை ஒட்டி வைத்திருந்தது. அதனால் பிராக்ஸி எதையுமே நகல் எடுக்கவில்லை. போன மாதம் தளம் படுத்தது அதனால்தான். நேற்று மாலை அவன் ஒரு வரி எழுதினான். குக்கீ இருந்தால் கண்டுகொள்ளாதே. நகலை நாலு மணி நேரம் வைத்திரு.

முடிவுப் பக்கத்துக்கு எல்லோருக்கும் ஒரே முகவரி. ஒன்பது மணிக்கு யாரோ ஒருத்தி முதலில் திறந்திருக்கிறாள். அவளுக்குப் பச்சை. அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் பச்சை.

“டீச்சர்” என்றான். “கொஞ்சம் இங்க வாங்க.”

அவள் நாற்காலியோடு உருண்டு வந்தாள். அவன் திரையைக் காட்டினான். அவள் அந்த ஒரு வரியைப் படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றாள்.

“கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.”

“ஆமா. எனக்கும் அதைத்தான் சொன்னாங்க.”

மேனேஜர் வந்து பின்னால் நின்றார். அவருக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் உதவி எண் பெண்ணின் மேசை மூலையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர் என்று கேட்டார். இருநூற்றுச் சொச்சம் என்றாள் டீச்சர். எல்லாரையும் சந்தோஷப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார் மேனேஜர். அது நகைச்சுவையாக வரவில்லை.

“அதுல எங்க அக்காவும் இருக்கா” என்றான் வாட்ச்மேன்.

மலை, பஸ், ரத்து செய்த இடம், எல்லாவற்றையும் அவன் சுருக்கமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே அக்காவின் எண்ணை அழுத்தினான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமாவின் எண் மணி அடித்து நின்றது.

நகலை உடனே நிறுத்து என்றார் மேனேஜர். நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் முகப்புப் படம் முதல் எல்லாவற்றுக்கும் கேள்வி மறுபடி உள்ளே போகும். எல்லோரையும் மறுபடி பார்க்கச் சொல்லிச் செய்தி அனுப்பினால் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் வருவார்கள், இன்னும் பார்க்காதவர்களும் வருவார்கள். போன மாதம் போலத் தளம் படுத்தால் யாராலும் எதையும் பார்க்க முடியாது. அக்கா மலையில் கடைசி சிக்னலில் திறந்து பார்க்கும்போது வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பொதுவான பக்கங்களுக்கு நகல், ஆளுக்கு உரிய பக்கங்களுக்குக் கூடாது என்று பிரித்து எழுத வேண்டும். எவை ஆளுக்கு உரியவை என்று அவனுக்கு முழுதாகத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

டீச்சர் அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். அவள் ஒவ்வொரு முகவரியாகச் சொன்னாள். அவன் தட்டினான். அவன் விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் விழுந்தது. அவள் திருத்தினாள், குரலை உயர்த்தாமல்.

மேனேஜர் நின்றுகொண்டே யோசித்தார். எல்லோருக்கும் சொன்னால் ஊர் முழுக்க நாறிவிடும், உண்மையில் மஞ்சள் உள்ளவர்களுக்கு மட்டும் போன் செய்து சொன்னால் போதாதா என்று கேட்டார். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். அப்படிச் செய்தால் போன் மணி அடித்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதை யார் வாயால் கேட்பது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும், உதவி எண்ணில் இருக்கும் பெண் அல்ல. எல்லோருக்கும் ஒரே செய்தி போகட்டும். மேனேஜர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சம்மதம் வாங்க வெளியே போனார். கதவை மூடியும் அவர் மன்னிப்புக் கேட்கிற சத்தம் கேட்டது.

“அடுத்து, ரத்து பக்கம்” என்றாள் டீச்சர். சொன்னவள் நிறுத்தினாள்.

“என்ன?”

அவள் தன் மேசைக்கு உருண்டு போனாள். ஏதோ தேடினாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

டாக்டரிடம் போட்ட இடத்தை ரத்து செய்வதை அவள் ஒரு சாதாரண இணைப்பாகத்தான் வைத்திருந்தாள். படிவம் கிடையாது, முகவரியும் எல்லோருக்கும் ஒன்றே. தொட்டால் போதும். தொட்டால் திறக்கிற எதையும் பிராக்ஸி ஒரு பக்கமாகத்தான் பார்க்கும். பக்கம் என்றால் நகல் எடுக்கும். அப்படி வைக்கக் கூடாது என்று தானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவசரத்தில் தானே செய்துவிட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்:

“காலைலேர்ந்து ஒரே ஒரு ரத்துதான் உள்ள வந்திருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் உங்க வாசலே ‘ரத்து ஆயிடுச்சு’ன்னு சொல்லி அனுப்பிடுச்சு. அந்த டாக்டரோட ரெண்டு மணி இடம் அப்படியே இருக்கு.”

அவனுக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மாமாவின் எண்ணை மறுபடி அழுத்தினான். மணி அடித்து நின்றது.

மாற்றி எழுதியதைச் சரிபார்க்கப் பிராக்ஸியிடம் கொடுத்தான். பிராக்ஸி ஏற்கவில்லை. ஒரு வரியின் முடிவில் ஒரு குறி விட்டுப்போயிருந்தது. டீச்சர் திரையில் விரலை வைத்தாள். சேர்த்தான். ஏற்றது. வைத்திருந்த நகல்களை எல்லாம் அழித்தான். பொய்க் கணக்குகள் இரண்டையும் திறந்தான்.

பச்சை. மஞ்சள்.

அந்த மஞ்சளைப் பார்த்து அவன் மூச்சு விட்டான். பிறகு அப்படி மூச்சு விட்டதற்காக வெட்கப்பட்டான்.

மேனேஜர் வந்து தலையை ஆட்டினார். செய்தி போயிற்று. காலையில் பார்த்த பக்கம் தவறானது, மறுபடி திறந்து பாருங்கள், வருந்துகிறோம். இரண்டு வரிகள்தான். உதவி எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. மேனேஜரே ஒன்றை எடுத்து உட்கார்ந்தார்.

வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பினான்.

“நீங்க உள்ளேர்ந்து பாக்க முடியும்” என்றான்.

“முடியும்.”

“அக்காவோட நோயாளி எண்ணைத் தர்றேன்.”

டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாத்தா என் முகத்தை நான் மறைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நீங்க அவங்ககிட்ட நடிக்கணும். உங்களுக்கு நடிக்க வராது” என்றாள். “அது அவங்களோடது. அவங்க பாக்கட்டும்.”

அவன் மாமாவின் எண்ணை மறுபடி அழுத்தினான். இந்தத் தடவை மாமா எடுத்தார்.

மாப்ள என்று கத்தினார். பஸ் சத்தத்துக்கு மேல் பேச அவருக்குப் பிடிக்கும். இரண்டாவது வளைவு தாண்டிவிட்டதாம், குளிர ஆரம்பித்துவிட்டதாம், அக்கா தோளில் சாய்ந்து தூங்குகிறாளாம், இரண்டு வாரமாக அவள் தூங்கியே பார்க்கவில்லையாம். நீயும் கிளம்பி வந்திருக்கலாம், அந்தக் கணினியைக் கட்டிக்கொண்டு என்ன கண்டாய் என்று கேட்டார். குரல் அறுந்து அறுந்து வந்தது.

“மாமா, அக்காவை எழுப்புங்க.”

“எதுக்குடா, பாவம்.”

“எழுப்புங்க மாமா.”

மாமாவின் குரல் மாறியது. ஏதோ உரசுகிற சத்தம். பிறகு அக்கா, தூக்கம் கலையாமல்.

“அக்கா, காலைல பாத்தியே அந்தப் பக்கம். அது உன்னோடது இல்ல. வேற யாரோடதோ. தப்பு எங்க பக்கம். நான் செஞ்ச தப்பு. இப்ப சரியா இருக்கு. மறுபடி திறந்து பாரு.”

பஸ் கியர் மாற்றியது. யாரோ ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது.

“அப்ப என்னோடது என்ன?”

“தெரியாதுக்கா.”

“பாத்துட்டுதான் பேசுறியா?”

“இல்ல. நான் பாக்கல. பச்சையாவும் இருக்கலாம்.”

“உன் குரல் அப்படி இல்லையே.”

“என் குரலை விடு. திற.”

தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டிருப்பதாகச் சொன்னாள். பை மேலே இருந்தது. மாமா எழுந்து எடுக்கிறார், யார் மேலோ இடிக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார். போன் உயிர் பெறுகிற சின்ன இசை கேட்டது. வாட்ச்மேனின் திரையில் பிராக்ஸிக்கு வருகிற கேள்விகள் ஒவ்வொரு வரியாக ஓடிக்கொண்டிருந்தன. செய்தி கிடைத்தவர்கள் திறக்கிறார்கள். வரி மேல் வரி. முடிவுப் பக்கத்தைக் கேட்டவை எல்லாம் உள்ளே போய் வந்தன. அவற்றில் எதுவும் நகல் இல்லை. தளம் படுக்கவில்லை. இதில் ஒன்று அக்காவுடையது. எது என்று அவனுக்குத் தெரியாது. எல்லா வரிகளும் ஒரே மாதிரி இருந்தன.

“சுத்திக்கிட்டே இருக்கு” என்றாள்.

“இரு.”

“ஒரு கோடுதான் இருக்கு சிக்னல். அதுவும் போகுது.”

“இரு அக்கா. வரும்.”

டீச்சர் தன் மேசைக்குத் திரும்பவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சாதாரணக் குரலில் சொன்னாள்.

“மஞ்சள்டா.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்படின்னா அதுதான்னு அர்த்தமா?”

“இல்லக்கா. டாக்டர் பாத்துதான் சொல்லணும்னு அர்த்தம். இன்னிக்கே பாக்கணும்.”

“இன்னிக்கு எங்க போய்ப் பாக்குறது? நான்தான் ரத்து பண்ணிட்டேனே.” இப்போதுதான் குரல் நடுங்கியது. “அந்த ஆள் இனி அடுத்த மாசம்தான் வருவாரு.”

“ரத்து ஆகல. இடம் அப்படியே இருக்கு. ரெண்டு மணிக்கு.”

“ரத்து ஆயிடுச்சுன்னு காட்டுச்சு.”

“அதுவும் வேற யாரோடதோதான்.”

அவள் சிரித்தாள். சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாத சத்தம்.

“உன் வாசல்ல ஒண்ணுகூட உள்ள போகாதாடா?”

பின்னால் மாமா டிரைவரிடம் பேசப் போயிருந்தார். வளைவில் நிறுத்த முடியாது என்று யாரோ சொன்னார்கள். மாமா தன் வாழ்நாளில் பேசாத ஒரு குரலில் ஒரு வார்த்தை சொன்னார். பிரேக் பிடித்தது. இறங்குகிற சத்தம், பை தட்டுகிற சத்தம், பஸ் விலகிப் போகிற சத்தம். அதன் பிறகு காற்று மட்டும். கீழே போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மாமா யாரிடமோ கேட்டார். வரும் என்றார் அந்த ஆள். எப்போது என்று சொல்லவில்லை.

வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் இருந்தது. அதிகம் இல்லை. டீச்சர் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவன் முன் வைத்தாள். கார் ஒன்று கீழேயிருந்து கிளம்பிவிட்டது, மேனேஜர் அனுப்பினார், எந்த வளைவு என்று கேள். அவன் கேட்டான். மாமா சத்தமாகப் படித்துச் சொன்னார், எண் எழுதிய கல் பக்கத்திலேயே இருந்தது.

“வைக்கட்டுமாக்கா? டாக்டர் ஆபீஸ்ல ஒரு தடவை சொல்லி வைக்கிறேன்.”

“அதை வேற யாராவது செய்யட்டும். நீ வைக்காதே.”

டீச்சருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

“சரி. வைக்கல.”

“கார் வர்ற வரைக்கும் ஏதாவது பேசு.”

“என்ன பேசுறது?”

“எப்படி ஆச்சுன்னு சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. அவசரப்படாம.”

“நேத்து சாயங்காலம்” என்றான், “நான் ஒரு வரி எழுதினேன்.”